மஞ்சணத்தி நாட்டு வழக்கம்

எங்கள் வீட்டுப் பட்டாசல் கூடத்தில் யுத்தம் நடக்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் போலீசுக்கு மொட்டை மனு போட்டான். பொய் ஒன்றும் இல்லை. யுத்தம் நடந்துகொண்டுதான் இருந்தது.

எனக்கு மஞ்சணத்தி நாடு. அடுத்த தெரு அக்தர் பானுவுக்குக் குங்கிலியச் சீமை. எந்தப் பூகோளப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது, நாங்களே உண்டாக்கியவை. எங்கள் விளையாட்டில் காலம் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி. பீரங்கியும் குதிரையும் உண்டு, ரயிலும் தந்தியும் கிடையாது. பத்தமடைப் பாய்தான் போர்க்களம். காலாள் ஒரு முறைக்குப் பாயில் ஒரு பட்டை நகரலாம், குதிரைக்காரன் இரண்டு. வீரர்கள் அம்பாசமுத்திரத்தில் கடைந்து அரக்கேற்றிய மரச் சொப்புகள். எனக்கு மஞ்சள், பானுவுக்குச் சிவப்பு. பீரங்கிக்குப் புன்னங்கொட்டை. சுண்டிவிட்டால் பட்டவன் விழுவான்.

சண்டை முடிந்ததும், ஜெயித்தவள் தோற்றவளின் ஆட்களை வெற்றிலை பாக்கோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். பானு போட்ட சட்டம் அது. கைதியை வைத்துக்கொண்டு பெருமையடிப்பது அற்பத்தனம் என்பாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. நாலு பேர் சேர்ந்து தும்மினாலே ராஜத்துரோகம் என்று போலீஸ் வந்து நின்ற காலம். இன்ஸ்பெக்டர் ஆவுடைநாயகம் பிள்ளை உள்ளே வந்ததும் பானு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் பூதலிங்கம் சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார். சட்டையைத் தேடி ஓடினார்.

இன்ஸ்பெக்டர் பாயைப் பார்த்தார். "என்னம்மா இது? செவப்புச் சட்டைக்காரன் பூரா செத்துக் கெடக்கான்?"

"அது குங்கிலியச் சீமைப் பட்டாளம், அண்ணாச்சி."

"செவப்புச் சட்டைன்னா வெள்ளைக்காரத் துரைமாரு பட்டாளம்னு எனக்குத் தெரியும். செவப்பு தோக்கப்பிடாது. எல்லாத்தையும் எடுத்து நிறுத்தும். நானே செவப்புக்கு ஆடுதேன். செவப்பு ஜெயிச்சா மனுவைக் கிழிச்சுட்டுப் போயிருதேன். இல்லைன்னா உம்ம வீட்டுக்காரர் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"பாயில பூட்ஸ் படக் கூடாது" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மனுஷன் முறைத்துக்கொண்டே பூட்ஸைக் கழற்றினார்.

குறை சொல்லக் கூடாது, நன்றாகவே ஆடினார். என் குதிரைகளில் பாதியைச் சாய்த்தார். கடைசியில் அவர் பக்கம் தளபதி மட்டும் மிச்சம். என் பக்கம் ஒரு பீரங்கி, இரண்டு காலாள். சுண்ட வேண்டியது என் முறை.

சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஏட்டி, பைய... கை தவறிரப் போவுது" என்றார். தவறவிடு என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா? வேலை போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. ஊரில் எல்லாம்தான் சர்க்கார் சொன்னபடி நடக்கிறது. நான் உண்டாக்கிய நாட்டில் யார் ஜெயிப்பது என்பதையும் இவர்கள்தான் வந்து சொல்ல வேண்டுமோ?

சுண்டினேன். தளபதி குப்புற விழுந்து உருண்டு இன்ஸ்பெக்டரின் முழங்காலில் முட்டினான்.

அவர் முகம் கறுத்துப்போயிற்று. துண்டை விரித்துச் சிவப்பு ஆட்களை மட்டும் பொறுக்கிக் கட்டினார். மஞ்சளைத் தொடவில்லை. "இதெல்லாம் சாட்சியம். நாளைக்கே ரிப்போர்ட் போகும்" என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். ஒளியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு திரும்பி வந்தார். பாக்குகள் தாம்பாளத்தில் உருண்டன. இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினார்.

"எடுத்துக்கிடுங்க. தோத்தவங்க ஆளைத் திருப்பிக் கொடுக்கும்போது வெத்திலை பாக்கும் சேத்துக் கொடுக்கது மஞ்சணத்தி நாட்டு வழக்கம்."

இன்ஸ்பெக்டர் மூட்டையோடு விருட்டென்று வெளியே போனார். வாசலுக்குப் போன பிறகு பூட்ஸுக்காக ஒரு தடவை திரும்பி வந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் தெருமுனை தாண்டட்டும் என்று காத்திருந்தோம்.

பானு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். சிவப்பு ஆட்கள் நின்ற இடத்தில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்தாள்.

இவர் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாயோரம் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு நாடு ஒதுக்கு" என்றார். "இனிமே நேரம் நெறைய கெடைக்கும்லா."