லைசென்ஸுக்கு ஒரு பயிற்சியாளர்

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது பயிற்சியாளருக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: ஐந்து வெற்றுச் சீட்டுகளில் கையெழுத்துப் போடுவது. ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றுவதற்கான சீட்டுகள் அவை. யார் வெளியே, யார் உள்ளே என்று எழுதவேண்டிய கட்டங்கள் காலியாக இருக்கும். அடியில் மட்டும் அவருடைய முழுக் கையெழுத்து, தேதியோடு. போட்டுக் கொடுத்ததும் உதவிப் பயிற்சியாளன் அவற்றை மடித்து, பஸ் டிக்கெட்டைச் செருகுகிற மாதிரி பைக்குள் செருகிக்கொள்வான். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவருக்கு வயிற்றைக் குமட்டும். இரண்டு வருடமாகக் குமட்டுகிறது, இரண்டு வருடமாகக் கையெழுத்தும் போடுகிறார்.

சங்கதி இதுதான். மிக உயர்ந்த பயிற்சி உரிமம் வைத்திருப்பவர்தான் தலைமைப் பயிற்சியாளராக இருக்கலாம் என்பது அந்த நாட்டு லீக்கின் விதி. சீட்டில் அவர் கையெழுத்து இல்லாமல் ஆளை மாற்றவும் முடியாது. அணியின் முதலாளிக்கோ ஒரு மைத்துனர். கால்பந்தில் தமக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று நம்புகிறவர். உரிமத் தேர்வில் மூன்று முறை கோட்டை விட்டது தேர்வு வைத்தவர்களின் குற்றம். ஆகவே உரிமத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து ஓர் ஆளை இறக்கினார்கள். மைத்துனர் மேலே கண்ணாடி அறையில் முந்திரியைக் கொறித்துக்கொண்டு போனில் உத்தரவு போடுவார். கீழே உதவிப் பயிற்சியாளன் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு கேட்டு, சீட்டில் எண்களை எழுதுவான். ஆட்டக்காரர்கள் மைத்துனரை 'மேலிடம்' என்றார்கள். இவருக்கும் பெயர் வைக்காமல் விடவில்லை. "லைசென்ஸ் ஏறியாச்சா? அப்ப பஸ்ஸை எடு" என்று டிரைவரிடம் யாரோ சொன்னதை இவரே காதால் கேட்டார்.

மனிதர் ஒன்றும் சோப்ளாங்கி இல்லை. அந்த உரிமத்துக்காக நாற்பது வயதுக்கு மேல் நான்கு ஆண்டுகள் முட்டி மோதிப் படித்தவர். முதலில் போன நாட்டில் நான்கே மாதத்தில் கைகுலுக்கி வழியனுப்பிவிட்டார்கள். இரண்டாவது நாட்டில் அணியையே இழுத்து மூடினார்கள். மூன்றாவதாக இங்கிருந்து அழைப்பு வந்ததும் முன்பின் விசாரிக்காமல் ஓடிவந்தார். வந்த முதல் வாரம் ஓர் ஆட்டத்துக்கான திட்டத்தைப் பலகையில் வரைந்து வைத்தார். அவர் கைகழுவிவிட்டு வருவதற்குள் உதவிப் பயிற்சியாளன் அதைத் துடைத்து, மேலிடத்தின் திட்டத்தை வரைந்திருந்தான். சூடு சொரணை உள்ளவன் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பான். இவர் கட்டவில்லை. மூன்றாவது தடவையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் போய் நிற்க வெட்கமாக இருந்தது.

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஊரிலிருந்து மனைவி கூப்பிடுவாள்.

"ஏங்க, அந்த இடது பக்கத்துக்காரன் நல்லாத்தானே ஆடிட்டிருந்தான்? அவனைப் போய் ஏன் எடுத்தீங்க?"

"அவனுக்கு மூச்சு வாங்கிடுச்சு. டிவியில உனக்குத் தெரியாது."

"அதானே பார்த்தேன். எங்கண்ணன் கேட்டாரு. நீங்க காரணமில்லாம ஒண்ணும் செய்யமாட்டீங்கன்னு சொல்லி வாயை அடைச்சிட்டேன்."

எவனோ ஒருவனின் கிறுக்குத்தனத்துக்குத் தன் வாயால் முட்டுக் கொடுப்பதே கேவலம். அதைக் கட்டிய மனைவியிடம் கொடுப்பது என்ன ஜென்மம்! போனை வைத்ததும் குளியலறைக்குப் போய்ப் பல் தேய்ப்பார். எவ்வளவு தேய்த்தும் பேசிய பேச்சு வாயை விட்டுப் போகாது.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. டிரா செய்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்குப் போகவேண்டியதுதான். தடுப்பாட்டத்தின் நடுவில் பீரோ நின்றான். முப்பத்து நான்கு வயது. எவன் வந்து முட்டினாலும் நகரமாட்டான் என்பதால் அந்தப் பெயர். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் பந்துக்குத் தாவியபோது அவன் மண்டையும் எதிராளி மண்டையும் மோதிக்கொண்டன. சத்தம் பெஞ்சு வரை கேட்டது. பீரோ விழுந்தான்.

அடிபட்டவர்களைக் கவனிக்கிற பிசியோ ஓடினாள். கைவிரல்களைக் காட்டினாள், ஏதோ கேட்டாள், திரும்பி ஓடிவந்தாள். வந்தவள் பழக்கதோஷத்தில் உதவிப் பயிற்சியாளனிடம்தான் சொன்னாள்.

"உடனே வெளிய எடுக்கணும். நம்ம கோல் எந்தப் பக்கம்னு கேட்டேன், தெரியலை. இன்னொரு அடி பட்டா உயிருக்கே ஆபத்து."

அவன் அதைப் போனில் ஒப்பித்தான், தலையாட்டினான், பிறகு வாயைத் திறந்தான். "மூஞ்சில தண்ணி தெளிச்சு நிக்க வைக்கச் சொல்றாரு. வர்ற பந்தைத் தலையால முட்டித் தள்ள இவனை விட்டா ஆள் இல்லையாம்."

பீரோ எழுந்து நின்றான். எதிரணியின் கோலை நோக்கி நடந்தான். கோல்கீப்பர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தவேண்டியிருந்தது. கூட்டம் கைதட்டியது. பிசியோ அப்போதுதான் பயிற்சியாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்களாவது சொல்லுங்களேன்."

அந்த 'நீங்களாவது' சுருக்கென்று தைத்தது. ஆனால் அவருக்கு வீரம் ஒன்றும் பொங்கவில்லை. குமட்டல்தான் பொங்கியது. மேலே முந்திரி கொறிக்கிறவன் மேல், ஒயர்க்காதன் மேல், இரண்டு வருடமாகக் கையெழுத்துப் போட்ட தன் விரல்கள் மேல்.

"சீட்டைக் குடு."

"மேலிடத்தைக் கேட்டுட்டு..."

அவர் காத்திருக்கவில்லை. நேரே கோட்டுக்கு வெளியே ஆள் மாற்றத்தைக் கவனிக்கிற நான்காவது நடுவரின் மேசைக்குப் போய்ப் புதுச் சீட்டு ஒன்றை உருவி, பீரோவின் எண்ணையும் உள்ளே போகவேண்டியவனின் எண்ணையும் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நடுவர் சீட்டை உற்றுப் பார்த்தார்.

"எப்பவும் நம்பர் வேற ஆள் எழுத்துல இருக்குமே, சார்?"

"இன்னிக்கு எல்லாம் என் எழுத்துதான்."

உதவிப் பயிற்சியாளன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "வேலை போயிடும் சார்!" அதற்குள் ஆள் மாற்றும் எண் பலகையை நடுவர் மேலே தூக்கிவிட்டார். பீரோவைப் பிசியோ கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள்.

எண்பத்தாறாவது நிமிடத்தில் மூலையிலிருந்து ஒரு பந்து வந்தது. பீரோ நின்றிருந்தால் முட்டித் தள்ளியிருப்பான். புது ஆளுக்கு ஒரு சாண் எட்டவில்லை. கோல் விழுந்தது, அணி கீழ்ப்பிரிவுக்குப் போனது.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக மேலிடம் கண்ணாடி அறையை விட்டுக் கீழே இறங்கி வந்தார். உதட்டோரத்தில் முந்திரித் துகள் ஒட்டியிருந்தது.

"யாரைக் கேட்டு அவனை எடுத்தே? உன்னை உக்காரத்தானே கூட்டிட்டு வந்தோம்? உக்கார்றதுக்குக்கூட உனக்குத் துப்பில்லையா?"

"இல்ல. அதுக்கு வேற ஆளைப் பாருங்க."

"நாளைக்கு நீ இந்த நாட்டுலயே இருக்கக் கூடாது!"

கத்திவிட்டுப் போனார். அடிபட்டவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூ! இந்த ஜந்துவின் புத்திசாலித்தனத்தை அல்லவா ஊரறிய நம்முடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பையில் போன் அதிர்ந்தது, மனைவிதான். இன்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும், ஆனால் பீரோவைப் பார்த்த பிறகு.

சிகிச்சை அறையில் பீரோ கட்டிலில் படுத்திருந்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள். பயிற்சியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், நான் ஏன் இங்க இருக்கேன்?"

"தலையில அடிப்பா. வெளிய எடுத்தாச்சு."

"யாரு எடுத்தது? மேலிடமா?"

"இல்ல. நான்தான்."

பீரோவின் கண்கள் விரிந்தன. "நீங்களா?"

அந்த ஆச்சரியம் அவருக்கு இனித்தது. இரண்டு வருடத்தில் தன் வேலையைத் தான் செய்ததாகச் சொல்லக் கிடைத்த முதல் சந்தர்ப்பம். நெஞ்சு நிமிர உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு நிமிடம் போயிருக்கும்.

"சார், நான் ஏன் இங்க இருக்கேன்?"

திடுக்கிட்டுப் பிசியோவைப் பார்த்தார்.

"இந்த மாதிரி அடியில அப்படித்தான் சார் ஆகும்" என்றாள் அவள். "புதுசா சொல்றது எதுவும் நிக்காது. ஆனா நாள்பட்டுப் பழகினதெல்லாம் உள்ள பத்திரமா இருக்கும்."

"தலையில அடிப்பா" என்றார் மறுபடி. "வெளிய எடுத்தாச்சு."

"யாரு, மேலிடமா?"

"நான்தான்."

"நீங்களா?"

அதே விரிந்த கண்கள், அதே ஆச்சரியம். இந்த முறை இனிக்கவில்லை. கோல் எந்தப் பக்கம் என்பது அந்த மண்டையில் இல்லை. ஸ்கோர் இல்லை, இன்று என்ன கிழமை என்பதுகூட இல்லை. லைசென்ஸ் எதையும் முடிவு செய்கிற ஆள் இல்லை என்பது மட்டும் அசையாமல் இருந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் ஏழு முறை சொன்னார். ஏழு முறையும் பீரோ நம்பவில்லை.