கசிமிர் பூசிய சீலிங்

வாடிக்கையாளர் கேட்காத எதையும் என் அப்பா எடுத்து மேஜையில் வைக்க மாட்டார். ஆணியோ, அறிவுரையோ. ஹார்டுவேர் கடை என் கைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை நான் மாற்றவில்லை.

மார்ச் மாதக் கடைசியில் வெண்டல் உள்ளே வந்தபோது, லியோன் பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தான். லியோன் பூச்சு வேலைக்காரன். எங்கள் அமெரிக்க ஊரான பஃபலோவின் கிழக்குப் பக்கத்துப் பழைய வீடுகளில் பாதிக்கு அவனும் அவன் கூட்டாளி கசிமிரும்தான் சுவரும் சீலிங்கும் பூசினார்கள். கசிமிர் செத்து நாலு வருஷம். வெண்டல் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கசிமிரின் மனைவி பெர்னிஸை போன அக்டோபரில் கட்டிக்கொண்டு கசிமிரின் வீட்டில் குடியிருக்கிறவர்.

"சாப்பாட்டு ரூம் சீலிங் தொங்கிப்போச்சு," என்றார். "மாடிக் குழாய் ஒழுகியிருக்கு. குழாயைச் சரி பண்ணிட்டேன். ஒரு கதவு அளவுக்குப் பூச்சைப் பேத்தும் எடுத்துட்டேன்."

"கசிமிர் பூசினதையா?" லியோன் காப்பியைக் கீழே வைத்தான். "வாத்தியாரே, கல்லறையைத் தோண்டினா போலீஸ்ல சொல்லணும், தெரியுமில்ல?"

வெண்டல் சிரிக்கவில்லை. லியோன் கொஞ்சம் இறங்கி வந்தான். "நான் வந்து பூசிக் கொடுத்துடறேன். அரை நாள் வேலை."

"வேண்டாம். அந்த வீட்ல எதைத் தொட்டாலும் கசிமிர் செஞ்சதுங்கறா பெர்னிஸ். அலமாரி அவன் செஞ்சது, படிக்கட்டு அவன் செஞ்சது. நான் செஞ்சதுன்னு ஒண்ணாவது இருக்கணும். ஈஸ்டருக்கு அவ தம்பிங்க மூணு பேரும் வர்றாங்க. நிமிர்ந்து பார்த்து, இது வெண்டல் பூசினதுன்னு சொல்லணும்."

லியோனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வேலை போனதற்காக இல்லை, அந்த வீட்டிலிருந்து கசிமிரின் பேர் அழிகிறதே என்றுதான். அது எனக்குத் தெரியும்.

பிளாஸ்டர் மூட்டை, கரண்டி, மட்டப்பலகை எல்லாம் எடுத்து வைத்தேன். வெண்டல் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். எத்தனை நிமிஷம் கலக்க வேண்டும், எத்தனை கை பூச வேண்டும், நடுவில் எத்தனை நாள் விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். லியோன் ஒழுங்காகவே பதில் சொன்னான். கடைசியில் பேனாவை மூடும்போது வெண்டல் பொதுவாகக் கேட்டார்.

"வேற எதையாவது விட்டுட்டேனா?"

நான் லியோனைப் பார்த்தேன். லியோன் டம்ளருக்குள் பார்த்தான்.

"வாத்தியார் விடுவாரா?" என்றான்.

கதவு மூடியதும், "ரீப்பரை நனைக்கணும்னு நீ சொல்லலையே," என்றேன்.

"உனக்கும் வாய் இருக்கே."

"என்கிட்ட அவர் கேட்கலை."

இருவரும் சிரித்தோம். இந்த வீடுகளில் மாடி உத்திரங்களுக்குக் கீழே ரீப்பர் என்கிற மெல்லிய மரப் பட்டிகளை விரல் இடுக்கு விட்டு விட்டு அடித்திருப்பார்கள். அந்த இடுக்கு வழியாக ஏறி, மேலே மடிந்து இறுகும் பிளாஸ்டர்தான் மொத்தக் கனத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் நூறு வருஷம் காய்ந்த மரம் குடிகாரனைவிட மோசம். நனைக்காமல் பூசினால் பிளாஸ்டரின் ஈரம் முழுவதையும் அது உறிஞ்சிக்கொள்ளும். பார்க்க வழவழப்பாக இருக்கும், உள்ளே மாவு.

ஈஸ்டர் அன்று பெர்னிஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தாள், கசிமிர் காலத்து வழக்கம். மேஜையில் தொத்திறைச்சி, முட்டை, நடுவில் வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி, மிளகுக் கண்ணும் கழுத்தில் சிவப்பு ரிப்பனுமாக. தம்பிகள் மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நீங்க பூசினதா? பரவாயில்லையே," என்றான் மூத்தவன்.

வெண்டலின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். பத்து வயசு குறைந்திருந்தது. பெர்னிஸின் தோளில் கைகூட வைத்துவிட்டார்.

கடைசித் தம்பி நூற்று இருபது கிலோ. குளியலறைக்குப் போக மாடி ஏறினான். எங்கள் தலைக்கு மேல் நாலு எட்டு வைத்திருப்பான். சீலிங்கிலிருந்து முதலில் சர்க்கரை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு வெண்டல் பூசியது முழுக்க, ஒரே பலகையாக, மேஜைமேல் இறங்கியது.

யாருக்கும் அடியில்லை. ஆட்டுக்குட்டிதான் நசுங்கியது. தூசி அடங்கியபோது ஓட்டையைச் சுற்றி கசிமிரின் பூச்சு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

பெர்னிஸ் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினாள். பொடியாக உதிர்ந்தது.

"நனைக்கலை," என்றாள்.

"எதை?" என்றார் வெண்டல். அவர் புருவம் முழுக்க வெள்ளை.

"ரீப்பரை. பூசறதுக்கு முன்னாடி நனைக்கணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கசிமிருக்குப் பதினெட்டு வருஷம் வாளி தூக்கினது யாருன்னு நெனச்சே?"

"நான் பூசும்போது... அந்தக் கதவுகிட்டதானே நின்னே. முழுக்கப் பார்த்துக்கிட்டு நின்னே."

"நின்னேன். நீ கேட்கலை."

தம்பிகளில் ஒருவன் அடக்க முடியாமல் சிரித்தான். பிறகு எல்லாரும். நானும்தான். அவளை எங்கள் கடையில் உட்கார வைத்திருந்தால் அப்பா என்னை வேறு வேலை தேடச் சொல்லியிருப்பார்.

மறுநாள் திங்கள். போலந்து வழக்கப்படி எங்கள் ஊரில் ஒருத்தர்மேல் ஒருத்தர் தண்ணீர் அடிக்கிற நாள். காலையிலேயே தண்ணீர்த் துப்பாக்கிகள் பாதி விற்றுவிட்டன. வெண்டல் கோட்டிலிருந்து சொட்டச் சொட்ட வந்து நின்றார். தெருமுனைக் கூட்டம் அவரையும் விடவில்லை.

"மரத்தை எவ்வளவு நனைக்கணும்?" என்று லியோனைப் பார்த்துக் கேட்டார். நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். மை முழுக்கக் கரைந்திருந்தது.

லியோன் அலமாரியிலிருந்து பெரிய துப்பாக்கியாக ஒன்றை எடுத்து, வாளியில் முக்கி நிரப்பி, ஒரு கை தூரத்தில் நின்று அவர் முகத்தில் அடித்தான். தீரும்வரை அடித்தான். வெண்டல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நகரவில்லை, கையைக்கூட தூக்கவில்லை.

"இவ்வளவு," என்றான் லியோன்.

நான் சிரிக்க வாயைத் திறந்தேன், வரவில்லை.

வெண்டல் முகத்தைத் துடைத்தார். "வியாழக்கிழமை உன்னை வரச் சொன்னா பெர்னிஸ். நீதான் பூசணுமாம். நான் வாளி தூக்கணுமாம்."

லியோன் துப்பாக்கியை இருந்த இடத்தில் வைத்தான்.

ஏதாவது பேச வேண்டுமே என்று நான் கேட்டேன். "வாளி ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றார் வெண்டல். "காலையிலேயே தேய்ச்சுக் கழுவி வச்சுட்டா. கசிமிர் பேர் போட்ட வாளிதான்."