முனியாண்டிக்குக் கொடுத்த முகம்

உள்ளங்கையில் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தாயிற்று: கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. நம்பமாட்டார்களே என்று குறைத்துச் சொன்னது வேண்டுமானால் இருக்கலாம்.

எண்பத்தாறாம் ஆண்டு. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டமொன்றில் ஐயாவு குலை வெட்டிக்கொண்டிருந்தார். லயத்து வீட்டு வாசலில் நின்று அவர் "லீலாவதி!" என்று மனைவியைக் கூப்பிட்டால், பல மைல் தள்ளிக் கடலோரச் சுங்கை செம்பிலாங்கில் வலை இழுப்பவர்கள் "அக்கா கடைக்குப் போயிருக்கு" என்று பதில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட குரல் அடைத்துப்போயிற்று. மூக்குக்குப் பின்னால் கட்டி. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். கதிர் வைத்துக் கருக்கவேண்டும், சனி ஞாயிறு தவிர தினமும் வரவேண்டும் என்றார்கள்.

துணைக்குப் போனவன் லீலாவதியின் தம்பி சோமு. ரவாங் தொழிற்சாலையில் அப்போதுதான் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. மச்சானுக்காகத் தள்ளிப்போட்டிருந்தான்.

கதிர் படும்போது தலை இம்மியும் அசையக்கூடாது. அதற்காக ஐயாவுவின் முகத்தில் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒரு முகமூடி செய்திருந்தார்கள். அவரைப் படுக்கவைத்து, அதை மாட்டி, மேசையோடு சேர்த்துத் திருகிவிடுவார்கள். முகமூடியின் கன்னத்தில் மையால் போட்ட கோடுகள் இருந்தன. அவை டாக்டர் சிவானந்தத்தின் கோடுகள். தலையைத் துண்டு துண்டாகப் படமெடுக்கும் புது ஸ்கேன் மெஷினை வைத்து, கதிர் எந்த இடத்தில் நுழைந்தால் கட்டி மட்டும் கருகும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் அவர்.

போகும்போது பஸ்ஸில் ஐயாவு தூங்குவார். வரும்போது வாந்தி எடுப்பார். ஒரு சாயங்காலம் சட்டையைக் கழுவிக்கொண்டு தோட்டத்து முனியாண்டி முன்னால் வந்து நின்ற சோமு, "சாமி, எப்பிடியாச்சும் இத சீக்கிரம் முடிச்சு விட்ரு" என்று வேண்டினான்.

கும்பிட்ட கையை இறக்குமுன்பே சொன்னது உறைத்தது. எதை முடிக்கச் சொன்னான்? மச்சானின் சீக்கையா, மச்சானையா? எதுவானாலும் சரி என்றுதான் அந்த நிமிஷம் மனசு சொல்லியிருந்தது. அது அவனுக்கும் தெரியும், எதிரே இருந்தவருக்கும் தெரியும்.

பயத்தில் ஒரு நேர்த்திக்கடன் வைத்தான். கண்ணில் நோய் என்றால் வெள்ளிக் கண் செலுத்துவார்கள். மச்சானுக்கு நோய் முகத்தில். முகத்தையே கொண்டுவருகிறேன் என்றான். முகம்தான் ஆஸ்பத்திரி அலமாரியில் தயாராக இருக்கிறதே! சனி ஞாயிறு சும்மாதான் கிடக்கப்போகிறது. சாமியிடம் காட்டிவிட்டுத் திங்கட்கிழமை வைத்துவிடலாம். வெள்ளிக்கிழமை அது அவன் பையில் ஏறியது.

கோயிலில் முகமூடியைப் பூசாரி சன்னாசியிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனான். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மண்ணெண்ணெய்த் துணியால் கோடுகளைத் துடைத்து, உள்ளே சந்தனத்தை அப்பி, சன்னாசி அதைச் சாமி முகத்தில் அழுத்தியிருந்தார். முனியாண்டி ஐயாவுவின் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"பூசாரியய்யா! கோட்ட ஏன் அழிச்சீங்க?"

"சாமிக்குக் குடுக்கிறத இப்பிடியா கிறுக்கலோட கொண்டாருவ?"

"திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு வேணும். திருப்பிக் குடுங்க."

"குடுத்தத திருப்பிக் கேக்க இது என்னா இரவல் சைக்கிளா? சாமி பூக் குடுத்தா எடுத்துக்க லா."

சனிக்கிழமை ஐயாவுவின் நாய் வந்து சாமியைப் பார்த்து வாலாட்டியது. செகிஞ்சான் ஊர் லோரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திக் கும்பிட வந்தவர், சாமி முகத்தைப் பார்த்ததும் வேர்த்துப்போய், ஐயாவுவிடம் எப்போதோ வாங்கிப்போன ஜாக்கியை எடுத்துவந்து உண்டியல் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினார். விளக்கேற்ற வந்த லீலாவதியோ, "வீட்ல கஞ்சி ஆறிக்கிட்டு கெடக்கு, இங்க வந்து குந்திக்கிட்டீங்களா?" என்று திட்டி, ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். இரண்டு கரண்டி இறங்கியது.

தோட்டமே சிரித்தது. சோமுவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் ஐயாவு தன் மீன் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

"தின்னு மாப்ளே. என்னால நீதான் எளைச்சிட்ட."

அந்த மீனில் முள்ளே இல்லை. இருந்தும் அவன் முள் பொறுக்கிக்கொண்டே இருந்தான்.

ஞாயிறு மத்தியானம் சாமி தலையில் பூ வைத்துவிட்டு, அது விழுந்தால் உத்தரவு என்று எதிரே உட்கார்ந்தான். காற்று அடித்தது. தேங்காய் விழுந்தது. செம்பனைக் குலை விழுந்தது. கோயில் கூரையில் ஒரு தகரமும் விழுந்தது. பூ விழவில்லை.

கடைசியில் வாய்விட்டே சொன்னான். "சாமி, நான் மச்சானுக்காக வேண்டல. எனக்காகத்தான் வேண்டுனேன். அவரு செத்தாலும் சரின்னுதான் நெனச்சேன்."

பூ விழுந்தது. மாலை விழுந்தது. முகமூடியும் கழன்று அவன் மடியில் விழுந்தது. சன்னாசி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அக்காவின் கண்மையை எடுத்து, தினமும் பார்த்த கோடுகள்தானே என்று ஞாபகத்திலிருந்து வரைந்தான். திங்கட்கிழமை காலை யாரும் பார்க்காத நேரத்தில் அலமாரியில் வைத்தும்விட்டான்.

மெஷின் அறையில் கங்கா என்ற பெண் முகமூடியை மாட்டித் திருகினாள்.

"மாப்ளே," என்றார் ஐயாவு உள்ளேயிருந்து, "சந்தன வாசம் வருதுடா. கல்யாண வீடு மாதிரி இருக்கு."

கங்கா வெளியே வந்தாள். யானை தள்ளினாலும் அசையாத அந்த ஈயக் கதவு மூட ஆரம்பித்தது. சோமு இடையில் புகுந்து தோளைக் கொடுத்தான்.

"மூடாதீங்க மிஸ்! அந்தக் கோடு நான் போட்டது!"

டாக்டர் சிவானந்தம் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஸ்கேன் படத்தையும் முகமூடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இப்படியே விட்டிருந்தா கட்டிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது," என்றார். "கண்ணு போயிருக்கும்."

அதற்குமேல் அவர் திட்டவில்லை. ரெண்டு அறை கொடுத்திருக்கலாமே என்று சோமுவுக்கு ஏக்கமாக இருந்தது. மறுபடி மாவுக்கட்டு, மறுபடி ஸ்கேன் என்றார்கள். சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போயிற்று.

திரும்பி வரும் பஸ்ஸில் சோமு வாயைத் திறந்தான்.

"மச்சான், முகமூடிகூட பெருசில்ல. நான் சாமிகிட்ட சீக்கிரம் முடியணும்னு கேட்டேன். நீங்க போனாலும் சரின்னு..."

ஐயாவு வெளியே பார்த்தார். ரப்பர் மரங்கள் போயின, செம்பனை வந்தது. பிறகு மூக்கால் சிரித்தார்.

"அதுக்கு என் முகத்தையே லஞ்சமா குடுத்தியாக்கும்?"

"மன்னிச்சிருங்க மச்சான்."

"நாளைக்கி என் கூட வருவியா?"

"வருவேன்."

"அப்ப ஜன்னல் பக்கம் நீயே குந்து. வாந்தி வந்தா எனக்கு வெளிய எட்டாது. ஒன் மேலதான். மன்னிப்பெல்லாம் அப்பறம் பாப்போம்."

ரவாங் வேலை வேறொருவனுக்குப் போயிற்று. புது முகமூடி வந்தது, கட்டி கரைந்தது, மறு வருஷம் ஐயாவு குலை வெட்டக் கிளம்பிவிட்டார். மன்னித்ததாக மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. கேட்டால் "பாப்போம்" என்பார். அதனால் சோமு முனியாண்டியைக் கும்பிடும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்தால் மச்சான் முகம் தெரிந்துவிடுமோ என்ற பயம்.

இன்னொன்றும் சத்தியம்: அந்தத் தோட்டத்துக் கோயிலில் முனியாண்டி என்று நட்டிருப்பது ஒரு சூலம் மட்டுமே. முகம் வைத்த சிலை அங்கே என்றுமே இருந்ததில்லை.