வெள்ளிக்கிழமை பிறந்தவர்கள்

அமெரிக்காவின் கரோலினாத் துறைமுகத்தில் முதலாளியின் நெல் கிடங்கு எரிந்த ஒன்பதாம் நாள், அவருடைய அடிமைச் சமையல்காரி அபெனாவைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். தீ வைத்தவன் அவள் புருஷன் குவாக்கு. அவர்களுடைய நான்கு வயது மகளை முதலாளி பார்படோஸ் தீவுக்குப் போகும் கப்பலில் விற்றுவிட்ட ஆத்திரம். தீ வைத்தது அவன் என்று அபெனா ஒருத்திக்குத்தான் தெரியும்.

"யார் வெச்சான்னு சொல்லு. சொன்னா உசுரு தப்பும். இல்லேன்னா அவனுக்குப் பதிலா நீ எரிவே," என்றார் நீதிபதி. அவர்கள் நியாயம் பேசுகிற லட்சணம் அது.

அவள் யோசித்துத்தான் வந்திருந்தாள். போன வாரம் காய்ச்சலில் செத்த அண்ணன் பெயரைச் சொன்னாள். மண்ணுக்குள் போனவனை யார் எரிக்க முடியும்?

"கோஃபி."

அடுத்த வார்த்தை சொல்வதற்குள் காவலர்கள் ஓடினார்கள். பாவி, ஒன்றை மறந்துவிட்டாள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அவள் சனத்தில் பிறந்த கிழமைதான் பெயர்; வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை எல்லாம் கோஃபிதான். மத்தியானத்துக்குள் மூன்று கோஃபிகளைச் சங்கிலியில் இழுத்து வந்தார்கள். ஒருவர் ரொட்டிக்கடைக் கிழவர்.

"தாயி, என்னையா அங்க பாத்தே?" என்று கேட்டார் அவர். அபெனா நீதிபதி பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நான் சொன்னது செத்துப்போன எங்கண்ணனை!"

"சாவு உனக்கு ரொம்ப வசதியா வருதே," என்றார் நீதிபதி. "மூணு பேர்ல ஒருத்தன் இருப்பான். மூணு பேரையும் எரிச்சிடுங்க."

வேடிக்கை பார்க்கக் கட்டாயமாக நிறுத்தப்பட்டிருந்த அடிமைக் கூட்டத்திலிருந்து குவாக்கு முன்னால் வந்தான்.

"ரொட்டியையே கருகவிடாத மனுசன், கிடங்கைக் கருக்கினாராக்கும்! அவங்களை விடுங்க. வெச்சது நான். பேரு குவாக்கு, புதன்கிழமை பொறந்தவன். இதையாவது ஒழுங்கா எழுதிக்குங்க."

"பொய்! பொய் சொல்றான்!" என்று அலறினாள் அபெனா.

"போதும் புள்ள," என்றான் அவன். "கிழவர் முகத்தைப் பாரு."

அவள் பார்த்தாள்.

"புதன்கிழமையா? அன்னிக்கே எரிச்சிடலாம்," என்றார் நீதிபதி. கோர்ட்டில் பாதிப் பேர் சிரித்தார்கள். நாசமாய்ப் போகிறவர்கள்.

மூன்று கோஃபிகளையும் அவிழ்த்து விட்டார்கள். அவள் பெயர் சொன்னதால்தான் குற்றவாளி கிடைத்தான் என்று அபெனாவையும் மன்னித்தார்கள். சாயங்காலம் அதே முதலாளிக்கு அவள் சோறு வடிக்க வேண்டும். விறகை அடுக்கிவிட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். பற்றவைக்கக் கை வரவில்லை.