இடம் மாறிய தண்ணீர்த் தொட்டி

எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அமாலியா ஏணியின் கடைசிப் படியில் நின்றபடியே அதைப் பார்த்தாள். கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தாள். மடித்து வைத்தாள். மறுபடி பிரித்தாள். வரைபடமும் மாறவில்லை, தொட்டியும் நகரவில்லை.

அந்தக் கட்டடத்தை வரைந்தவள் அமாலியாதான். வரைந்து கொடுத்ததோடு அவள் வேலை முடிந்துவிடவில்லை. காண்ட்ராக்டர் ஆட்கள் வரைந்தபடி கட்டுகிறார்களா என்று வாராவாரம் வந்து பார்த்து, கடைசியில் 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போடுவதும் அவள் பொறுப்பு. அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் ஆஸ்பத்திரி திறக்கும். வருகிற திங்கட்கிழமை திறப்பு என்று நாள் குறித்தாயிற்று. மாநிலத் தலைநகர் புவேப்லாவிலிருந்து அதிகாரி வருகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேண்டு வாத்தியம் ஒரு வாரமாக ஊர்க் காதைப் பிளக்கிறது. அன்றைக்குக் கிழமை புதன்.

திறக்காவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள், கண்ணுகளா. எங்கள் ஊரில் வலி எடுத்த பெண்ணை வண்டியில் படுக்க வைத்து மலைப்பாதையில் இரண்டரை மணி நேரம் போக வேண்டும். மழையில் மண் சரிந்தால் அந்த வழியும் இல்லை. வண்டியிலேயே பிறந்த பிள்ளைகளை வைத்து ஒரு கால்பந்து அணியே அமைக்கலாம். பிறக்காமல் போனவர்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

தொட்டிக்கென்று நான்கு தூண்களுக்கு மேல் ஒரு மேடை கட்டியிருந்தது. அதன் நடுவில் காகிதப் பூ சுற்றிய சிலுவை நின்றது. தொட்டியோ பத்தடி தள்ளி வெறும் தளத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. ஐயாயிரம் லிட்டர், விளிம்பு வரை தண்ணீர். அந்த இடத்துக்கு நேர் கீழே பிரசவ அறை.

"மேஸ்திரி!"

மேஸ்திரி எவாரிஸ்தோ கையைத் தட்டிக்கொண்டே வந்தார். நாற்பது வருஷமாகக் கட்டுகிறவர். எதற்கும் பதறமாட்டார். அதுவே அமாலியாவைப் பதற வைக்கும்.

"சொல்லுங்க ஆர்க்கி." வரைபடக்காரர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்கள்.

"தொட்டி எங்க இருக்கணும்?"

"மேடையில."

"எங்க இருக்கு?"

"இந்தா, இங்க."

"ஏன் இங்க?"

"மேடையிலதான் சிலுவை இருக்குதே ஆர்க்கி." சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார்.

மே மாதம் மூன்றாம் தேதி கொத்தனார்களின் திருநாள். அன்று கட்டடத்தின் உச்சியில் சிலுவை வைத்து, சாமியார் மந்திரித்து, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வழக்கமாகச் சிலுவையைக் கம்பியால் கட்டி வைப்பார்கள், பிறகு அவிழ்த்து எடுப்பார்கள். இந்த வருஷம் முந்தின நாள் சாயங்காலம்தான் மேடைக்குக் காங்கிரீட் போட்டிருந்தார்கள். காற்றுக்கு விழாது என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்ற, ஈரத்திலேயே நட்டுவிட்டார்கள். அமாலியா அன்றைக்கு ஊரில் இல்லை. புவேப்லாவில் ஏதோ அலுவலக வாசலில் காத்துக் கிடந்தாள். சாப்பாட்டுக்குப் பன்றிக் கறி வாங்கப் பணம் மட்டும் அனுப்பியிருந்தாள். திரும்பி வந்து சிலுவையைப் பார்த்தபோது, கட்டித்தான் வைத்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

"சரி, அதை எடுங்க."

"மந்திரிச்ச சிலுவை, ஆர்க்கி. நெனைச்சா பிடுங்கற முருங்கைக் குச்சியா அது? முன்ன ஒரு சைட்டுல இப்படித்தான் எடுத்தாங்க. சாரம் சரிஞ்சு ரெண்டு பேருக்கு இடுப்பு போச்சு."

"இந்தத் தளம் சரிஞ்சா கீழ படுத்திருக்கறவளுக்கு என்னென்ன போகும்னு யோசிச்சீங்களா?"

"அதுக்குத்தான் இன்ஜினியரு புத்தகத்துல எழுதிட்டாரே."

அமாலியா ஏணியில் இறங்கிய வேகத்தில் ஏணியே ஆடியது. முதலில் பிரசவ அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தாள். புதுச் சுண்ணாம்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், சுவரிலிருந்து விளக்கு வரைக்கும் ஓடியிருந்தது. அங்கிருந்து நேரே சைட்டின் ஆபீஸ் கொட்டகைக்குப் போனாள்.

காண்ட்ராக்டரின் இன்ஜினியர் ரமிரோ இஸ்திரி போட்ட சட்டையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். வேலைப் புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தான். பக்க எண் போட்ட தடித்த புத்தகம் அது. காண்ட்ராக்டர் பக்கம் எதை மாற்றினாலும் அதில் எழுத வேண்டும். வரைபடக்காரர் மூன்று நாளுக்குள் பதில் எழுதாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஒப்பந்தமே அப்படி.

எண்பத்தேழாவது குறிப்பு: 'களச் சூழல் காரணமாகத் தண்ணீர்த் தொட்டி மூன்று மீட்டர் கிழக்கே நகர்த்தப்படுகிறது.'

"களச் சூழலா? என்ன சூழல்?"

"சிலுவைதான்."

"சிலுவைன்னு எழுத வேண்டியதுதானே?"

"கவர்மென்ட் புத்தகத்துல போய்ச் சிலுவைன்னு எழுதினா நல்லாவா இருக்கும்?"

"வெள்ளிக்கிழமை எழுதியிருக்கீங்க. திங்கக்கிழமை நான் புத்தகம் பாக்க மட்டுந்தான் வந்தேன், அது எங்க இருந்துச்சு?"

"இங்கதான், கொட்டகையில. பூட்டிப் பத்திரமா வெச்சிருந்தேன்."

"சாவி?"

"என்கிட்ட. நான் புவேப்லா போயிருந்தேன். அக்கா பொண்ணுக்கு ஞானஸ்நானம்."

"பூட்டின கொட்டகைக்குள்ள இருக்கற புத்தகத்துக்கு நான் எப்படிய்யா பதில் எழுதறது? ஓட்டு வழியா இறங்கியா?"

"அதைப் பத்தி ஒப்பந்தத்துல ஒண்ணும் இல்லையே ஆர்க்கி." அவன் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தேடிப் பார்த்தவனைப் போலச் சொன்னான்.

அங்கிருந்து நகராட்சிக்கு. கட்டட வேலைகளுக்குத் தலைவர் லியோபார்தோ நாற்காலியை விட்டு எழுந்து வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

"திங்கக்கிழமை திறப்பு, ஆர்க்கி. நீங்க கையெழுத்தைப் போட்டுடுங்க. தொட்டியை அப்புறமா நகர்த்திக்கலாம்."

"அப்புறம்னா? கூரை இறங்கினதுக்கு அப்புறமா?"

"இத்தனை நாள் இறங்கலையே."

"தொட்டி வந்தே நாலு நாள்தான் ஆகுது!"

"சிலுவை விஷயத்துல நகராட்சி தலையிடாது. நீங்க சாமியாரைப் பாருங்க."

வியாழன் காலை சாமியார் கிறிசோஃபரோ கோயில் பின்புறம் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"நான் தீர்த்தம் தெளிச்சேன், அவ்வளவுதான். காங்கிரீட்டு நானா போட்டேன்?"

"எடுக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சாமி."

"நான் சொல்லக் கூடாதும்மா. பிள்ளைக்கு மாதிரி சிலுவைக்கும் ஞானத்தாய் ஒருத்தி இருக்கால்ல, அவ மொதல்ல கையை வெச்சாத்தான் எடுக்கலாம். உனக்குத் தெரியாத வழக்கமா?"

"யாரு அந்த மகராசி?"

"பேரு சொன்னாங்க. அன்னைக்கு மட்டும் ஆறு சைட்டு எனக்கு. எல்லாத்துலயும் சாப்பாடு வேற. எதை ஞாபகம் வெச்சுக்கறது? மேஸ்திரியைக் கேளு."

அமாலியா திரும்பி வந்தபோது தூறல் பிடித்துவிட்டது. கொத்தனார்கள் தகரக் கூரைக்கடியில் சோள அடையைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"சிலுவையோட ஞானத்தாய் யாரு மேஸ்திரி? எந்த ஊரா இருந்தாலும் பரவாயில்ல, போய்க் கையோட கூட்டிட்டு வரேன்."

எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார். மற்றவர்கள் அடையைப் பார்த்தார்கள்.

"நீங்கதான் ஆர்க்கி."

"எது?"

"சாப்பாட்டுச் செலவு யாரோடதோ அவங்கதான் ஞானத்தாய். கறிக்குப் பணம் அனுப்பினது நீங்கதானே. நீங்க வரலைன்னாலும் உங்க பேரைச் சொல்லித்தான் மந்திரிச்சோம்."

"ரெண்டு நாளா ஊர் பூரா நாயா அலையறேன். நேத்தே சொல்றதுக்கென்ன!"

"எடுங்கன்னு எங்களைச் சொன்னீங்க. சாமியாரு, நகராட்சின்னு போனீங்க. பெரிய இடத்துல ஏதோ பேசறீங்கன்னு இருந்துட்டோம்."

ஒரு கொத்தனார் வாயில் அடையோடு சேர்ந்துகொண்டான். "ஞானத்தாயா இருந்துக்கிட்டு ஒரு மெழுகுவத்தி உண்டா, ஒரு பூ உண்டா? எங்களுக்குத்தான் வருத்தம்."

அமாலியா வரைபடச் சுருளை ஓங்கினாள். யாரை அடிப்பது என்று தெரியாமல் தன் முழங்காலிலேயே அடித்துக்கொண்டாள். பிறகு அந்த மழையில் மேலே ஏறினாள். முதல் உளியை அவள் வைத்தாள், மிச்சத்தை அவர்கள் பெயர்த்தார்கள். சிலுவையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டு முகப்பில், இந்தத் தடவை கம்பியால் கட்டினார்கள்.

மேடை காலியாகிவிட்டது. ஆனால் தொட்டியைத் தூக்கிய கிரேன் அடுத்த புதன்கிழமைக்கு முன் வராது.

இந்தச் சமயத்தில்தான் நர்ஸ் கசில்தா குடையோடு வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை திறக்கலைங்கறாங்களே, நிஜமா?"

"நிஜந்தான். அந்த விரிசலுக்குக் கீழ யாரையும் படுக்க வெக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"இந்த வாரம் எனக்கு மூணு பேரு இருக்காங்க, ஆர்க்கி. பெர்பெத்துவா இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. மேல பாதையில ஒரு பக்கம் சரிஞ்சாச்சு. நீங்க உங்க விரிசலைப் பாருங்க, நான் யாரைப் பாக்கட்டும்?"

அமாலியா அவளையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். கொட்டகையில் உட்கார்ந்து ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். தண்டனை, தவணை, தாமதம் என்று பக்கம் பக்கமாகப் போனது. நூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. கட்டடத்தில் ஆபத்தில்லாத ஒரு பகுதியைத் தனியாகச் சோதித்து, தனியாக ஒப்படைத்து, பயன்படுத்தலாம். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் போதும்.

புத்தகத்தை இழுத்து எண்பத்தெட்டாவது குறிப்பை எழுதினாள். தொட்டியை இன்றே காலி செய்ய வேண்டும். பிரசவ அறைக்கு முட்டுக் கொடுத்துப் பூட்ட வேண்டும். தொட்டி மேடை ஏறி, தளத்தைச் சோதித்த பிறகுதான் முழுச் சான்று. வாசலை ஒட்டிய இரண்டு பரிசோதனை அறைகள் மட்டும் இன்றே ஒப்படைக்கப்படுகின்றன.

ரமிரோ படித்தான். "கம்பெனியைக் கேக்கணும். மூணு நாள் டைம் இருக்கு எனக்கு."

"மூணு நாளா?" கசில்தா குடையை மடக்கினாள். "அப்ப பெர்பெத்துவாகிட்ட நீயே போய்ச் சொல்லிடு தம்பி. மூணு நாள் அடக்கி வெச்சுக்க, ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்குன்னு சொல்லு. அவ புருஷன் வாசல்ல விறகு பிளந்துட்டிருக்கான், அவனும் கேட்டுக்கட்டும்."

கொத்தனார்கள் சிரித்தார்கள். ரமிரோ சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, 'ஆட்சேபணையுடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

லியோபார்தோ தொலைபேசியில் கத்தியது தெரு முனை வரை கேட்டது. "பேண்டு வாத்தியப் பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இன்னும் கொஞ்சம் ஒத்திகை பாக்கச் சொல்லுங்க. வேண்டித்தான் இருக்கு," என்று வைத்துவிட்டாள் அமாலியா.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டாம் பரிசோதனை அறையில் பெர்பெத்துவாவுக்கு வலி முற்றியது. அறையில் கட்டில் இருந்தது, விளக்கு எரிந்தது, குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை. தொட்டியிலிருந்து இறக்கிய தண்ணீரை எவாரிஸ்தோ வாசலில் டிரம் டிரம்மாகப் பிடித்து வைத்திருந்தார். எதிர்வீட்டு அடுப்பில் அதைக் காய்ச்சி, வாளி வாளியாக உள்ளே கொண்டு போனார்கள். அமாலியாவும் சுமந்தாள். ஒரு வாளிக்கு ரமிரோவைத் திட்டினாள், அடுத்த வாளிக்கு லியோபார்தோவை. ஆறாவது வாளியோடு கதவை நெருங்கியபோது உள்ளே குழந்தை வீரிட்டது.

"பொண்ணு!" என்றாள் கசில்தா கதவிடுக்கில். "நின்னு வேடிக்கை பாக்காதீங்க ஆர்க்கி, இன்னும் ரெண்டு வாளி வேணும்."