கொதிக்க வைத்த தண்ணீர்

“அப்பா, அந்தத் தண்ணிப் பரிசோதனைக் கடிதத்தை எடுங்கோ.”

அப்பாவிடம் தண்ணீர்ச் சங்கத்துக் கதை கேட்கவே கூடாது. எங்கள் வீட்டுச் சட்டம் அது. டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே இருக்கும் எங்கள் கிராமத்தின் முப்பத்தொரு வீட்டுக்கும் ஒரே ஊற்று. அதைப் பார்க்கும் நிர்வாகத்தில் நாலு டேனிஷ்காரரும் என் அப்பா தவராஜாவும். கூட்டத்துக்குப் போகும் நாளில் மட்டும் அப்பா சேர்ட்டை இரண்டு தரம் இஸ்திரி போடுவார்.

“என்ன கடிதம்?”

“சங்கத் தலைவர் பொவுலின்ரை மனிசி பெட்டி பெட்டியாப் போத்தில் தண்ணி வாங்குறா. நேற்றுக் கடையிலை கண்டனான். ஊத்துத் தலைவற்றை வீட்டிலை எதுக்குப் போத்தில்?”

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். “வாயை மூடு நிறோ. அப்பிடியே ஏதும் கிடந்தாலும், நாங்கள் கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம்.”

வாசலோரம் நாலு கேன் நின்றது. எல்லாம் கொதித்து ஆறிய தண்ணீர். ஹோர்சன்ஸ் டவுனிலிருந்து கஜன் அண்ணா சனிக்கிழமைதோறும் வந்து ஏற்றிக்கொண்டு போவான். மேனுஜா அண்ணிக்கு ஏழு மாதம். டவுன் தண்ணியை விட ஊற்றுத் தண்ணி பிள்ளைக்கு நல்லது என்பது அம்மாவின் வைத்தியம்.

“அம்மா, கொதிச்சால் கிருமி சாகும். வயலுக்கு அடிக்கிற மருந்து சாகாது. தண்ணிதான் ஆவியாப் போகும். மருந்து அப்பிடியே கீழை நிக்கும்.”

“பெரிய படிப்பு! உன்ரை சேர்ட்டிபிக்கட்டைக் கரைச்சுக் குடிக்கச் சொல்லுறியோ?”

எங்கள் பரம்பரையில் முதல் பட்டம் என்னுடையது. இரசாயனவியல். அதைச் சட்டம் போட்டு மாட்டியதும் அம்மாதான்.

அப்பா எழுந்து கோயில் கலண்டருக்குப் பின்னாலிருந்து கடிதத்தை உருவினார். நவம்பர் மாதத்துத் திகதி. இப்போது பெப்ரவரி முடிகிறது. களைகொல்லியின் எச்சம், அனுமதித்த எல்லையைப் போல நாலு மடங்கு.

“மூண்டு மாசம்! அண்ணி குடிக்கிறது தெரிஞ்சும் பேசாமல் இருந்தனீங்களோ?”

“அம்மா கொதிக்க வைக்கிறவ தானே எண்டு நினைச்சன்.” குரல் உள்ளே போனது. “ஏப்ரல் கூட்டத்திலை சொல்லுவம் எண்டவன் பொவுல்.”

“நீங்கள் தலையாட்டினீங்கள்.”

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

“அந்த மருந்தை அடிச்சது ஆர் தெரியுமே பிள்ளை? எண்பத்தொன்பதிலை வந்த புதிசிலை, பொவுலின்ரை தேப்பன்ரை பீற்றூட் வயலிலை மூண்டு வருசம் நான்தான். ஊத்துக்கு மேலை இருக்கிற வயல். மிஞ்சினதைக் கழுவி அதிலையே ஊத்தச் சொன்னவை. ஊத்தினன். கடிதம் வந்தண்டைக்குப் பொவுல் முதுகிலை தட்டிச் சிரிச்சான். ‘நீ அடிச்சதுதானே, தவா’ எண்டான்.”

யாரை ஏசுவது? மூக்குக்குத் துணிகூடக் கட்டாமல் மருந்தடித்த இருபது வயதுப் பெடியனையா?

“இனி என்ன செய்யலாம்?” என்று கேட்டார். அப்பா என்னிடம் யோசனை கேட்டது இதுதான் முதல் தரம்.

நாலு வருடம் படித்ததை முழுக்கத் துழாவினேன். முப்பது வருடத்துக்கு முந்தி ஊற்றியது இப்போதுதான் மணலுக்குள்ளால் வந்து சேர்கிறது. மிச்சம் இன்னும் வழியில் இருக்கிறது.

“ஊத்தை ஒண்டும் செய்யேலாது அப்பா.”

கேன்களை ஒவ்வொன்றாகச் சிங்கில் கவிழ்த்தேன். அம்மா தடுக்கவில்லை. கடிதத்தைப் போனில் படமெடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். பிறகு மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துச் சப்பாத்தைக் கொளுவினேன்.

“எங்கை போறாய்?” அம்மா கையைப் பிடித்தார். “அந்த வெள்ளையளுக்கு ஒண்டும் வராது. அப்பான்ரை பெயர்தான் நாறும்.”

“ஓம் அம்மா. நாறும்.”

அப்பா கலண்டருக்குப் பின்னால் வெறுஞ்சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

பக்கத்து வீட்டில் நாலு மாதக் குழந்தை. பால்மாவை இந்தத் தண்ணீரில்தான் கரைப்பார்கள். அங்கிருந்து தொடங்கினால் தட்ட வேண்டியது முப்பது கதவு. அம்மாவின் கையை விலக்கிவிட்டு மழைக்குள் இறங்கினேன்.