நான்காவது பெயர்

அலுவலகத்தில் அவளைக் கடிகாரக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வயதானவர்களுக்குத் தினமும் காலையில் போன் போட்டு, "மாத்திரை போட்டாச்சா? போட்டிருந்தா ஒன்றை அழுத்துங்க" என்று கேட்கும் நிறுவனம் அது. கேட்பது பதிவு செய்த குரல். நேரம் தவறாமல் அதைக் கிளப்பிவிடும் நிரல் அவள் பொறுப்பு.

ஆட்கள் கூடக்கூட ஒரு சர்வர் தாங்கவில்லை. அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக மூன்றை வைத்தார்கள். மூன்றிலும் ஒரே நிரல், ஒரே கடிகாரம். மறுநாள் காலை மூன்றுமே எல்லாருக்கும் போன் போட்டன. சொன்ன சொல் தட்டாத பெரியவர் ஒருவர் மூன்று தடவையும் மாத்திரையை விழுங்கிவிட்டு மயங்கி விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

"ஒரு வேலைக்கு மூணு பேரை வெச்சா, மனுஷன்னா ஒருத்தனும் செய்ய மாட்டான். மெஷின் மூணும் செஞ்சிருக்கு பாரு" என்றார் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே ஒரு பூட்டு எழுதினாள். நேரம் வந்ததும் எந்த சர்வர் தரவுத்தளத்தில் தன் பெயரை முதலில் பதிக்கிறதோ அதற்கே வேலை. மற்றவை ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் யாருக்கும் இரண்டாவது போன் போகவில்லை.

ஒரு காலையில் பூட்டில் வேறொரு பெயர் இருந்தது. கழற்றிப்போட்ட பழைய சர்வரின் பெயர்.

"அண்ணே, பழசை எங்கயாவது ஓட விட்டிருக்கீங்களா?"

"என்னம்மா விளையாடுறியா? என் கையாலதானே கழட்டினேன்."

இருவரும் சாமான் அறைக்குப் போனார்கள். உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் அது கிடந்தது. வயர் சுருட்டி அதன் தலையிலேயே வைத்திருந்தது. மேலே படிந்த தூசியில் ஒரு விரல் தடம்கூட இல்லை. அண்ணன் கதவைச் சாத்தினார்.

அவள் திரும்பி வந்து அழைப்புகளைப் பார்த்தாள். எல்லாருக்கும் ஒழுங்காக ஒரே தடவை போயிருந்தது. கூடுதலாக ஒரே ஒரு எண். அவள் மாமனாரின் எண் அது. பழைய சர்வரில் நிரலை முதன்முதலில் அவரை வைத்துத்தான் சோதித்தாள். அவர் போய்ச் சேர்ந்து வருடம் ஒன்றாகிறது. எதிர்முனையில் போனை எடுத்திருந்தார்கள், ஒன்றை அழுத்தியுமிருந்தார்கள்.

நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவளே அடித்துப் பார்த்தாள். அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்றது போன்.

அழைப்பின் ஒலிப்பதிவு இருந்தது. காதில் மாட்டிக் கேட்டாள். முதலில் வழக்கமான மாத்திரைக் கேள்வி. பிறகு ஒரு செருமல். பேசுவதற்கு முன்னால் மாமனார் தொண்டையைச் சரிசெய்யும் அதே செருமல். அப்புறம் பொத்தானின் 'பீப்'.

யாரிடம் போய்ச் சொல்வது? ஊமை கண்ட கனவுதான். பழைய சர்வருக்கென்று இருந்த கடவுச்சொல் தரவுத்தளத்தில் இன்னும் உயிரோடு இருந்தது. அதை அழித்தாள். மறுநாள் பூட்டில் புதிய சர்வர் ஒன்றின் பெயர்தான் விழுந்தது. அப்பாடா என்றிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது, மாமியார் வெங்காயத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தை, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லம்மா. சொன்னா சிரிப்ப."

"சிரிக்கல, சொல்லுங்க."

"நேத்து காலைல உங்க மாமா ரூம்ல செருமுற சத்தம் கேட்டுச்சு. பயமா இல்ல. ஒரு வருஷத்துக்கப்புறம் நேத்துதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். இன்னைக்கும் காதைத் தீட்டிக்கிட்டே இருந்தேன். கேக்கல."

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். ஒலிப்பதிவைப் பற்றி அவள் வீட்டில் யாரிடமும் மூச்சுவிட்டிருக்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அழித்த கடவுச்சொல்லைத் திரும்பப் போட்டாள். பூட்டிலும் ஒரு வரி சேர்த்தாள்: பழைய பெயர் வந்தால், அதற்கு அந்த ஒரு எண் மட்டும். உயிரோடிருப்பவர்களை அது தொடக்கூடாது, அவர்கள் புதிய மூன்றின் பொறுப்பு.

இப்போது மாமியார் நன்றாகச் சாப்பிடுகிறார். அவள்தான் காலை அழைப்பு போகும் நேரத்துக்கு முன்பே அவசர அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுகிறாள்.